ஐரோப்பிய நகரமும் கேளிக்கைப் பூங்காவும்: தோப்பும்படிச் சந்திப்பிலிருந்து ஓர் இடமாறாட்ட ஆய்வு

ஐரோப்பிய நகரம் ஒன்றில் சென்றிறங்குதல், இறங்கிய கையோடு அங்குள்ள கேளிக்கைப் பூங்காவைக் காணுதல் ஆகிய இருவினைகளும் இன்று தமிழர் வாழ்வில் காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் அடுத்த சடங்காக உயர்ந்துவிட்டன. சடங்கு என்று வந்தபின் அதற்கு இலக்கணம் வேண்டும். இலக்கணம் வேண்டுமெனில் ஆய்வு வேண்டும். ஆய்வு வேண்டுமெனில் செலவு குறைவாக இருக்க வேண்டும். இம்மூன்றும் ஒருங்கே கைகூடும் இடம் கொச்சி மாநகரின் மேற்குக் கரையிலுள்ள தோப்பும்படி என நிறுவுவது இக்கட்டுரையின் முதல் நோக்கம். அங்கு நின்று பார்த்தால், எது ஐரோப்பிய நகரம், எது கேளிக்கைப் பூங்கா என்பதில் உலகம் இதுநாள்வரை ஒன்றை மற்றொன்றாக நம்பி ஏமாந்து வந்திருப்பது புலப்படும். அதைச் சான்றுகளோடு வெளிப்படுத்துவது இரண்டாம் நோக்கம்.

இத்துறையில் முன்னோடிகள் இல்லாமல் இல்லை. ஏ.கே. செட்டியார் உலகைச் சுற்றி வந்து ‘உலகம் சுற்றும் தமிழன்’ என்று புத்தகமும் போட்டார். சோமலெ நாடு நாடாகப் போய் எழுதினார். மணியன் விகடனில் ‘இதயம் பேசுகிறது’ என எழுதி, விமானத்தையே பார்த்திராதவர்களுக்கும் விமானத் தலைசுற்றலை வரவழைத்தார். மூவரிடத்தும் பெருமதிப்பு உண்டு. ஆயினும் முறையியல் நோக்கில் ஒரு குறையைச் சுட்டாமலிருக்க இயலவில்லை. ஐரோப்பாவைப் பற்றி எழுத மூவரும் ஐரோப்பாவுக்கே போய்விட்டார்கள். ஆய்வுப்பொருளின் மடியிலேயே போய் உட்கார்ந்துகொண்ட ஆய்வாளர் நடுநிலையோடு எழுதியிருக்க முடியாது என்பது முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில் எந்தப் புறத்தேர்வாளரும் எழுப்பக்கூடிய ஐயம். இவ்வாய்வாளர் அப்பிழையைச் செய்யவில்லை. 90 யூரோ ஷெங்கன் விசாக் கட்டணமும், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும், ஆறுமாத வங்கிக் கணக்கும் இந்த நடுநிலையைக் காப்பதில் பெரிதும் துணை நின்றன.

களத் தேர்வு குறித்து ஒரு விளக்கம். தோப்பும்படியில் சுற்றுலாப் பயணி பார்க்கத்தக்கது எதுவும் இல்லை. மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. அங்கு அதிகாலை ஏலம் நடக்கும்போது நிற்பவர்கள் மத்தியும் அயிலையும் வாங்க வந்தவர்களே தவிர, படம் பிடிக்க வந்தவர்கள் அல்லர். சிக்னல் இருக்கிறது. அதை மதிப்பவர்களும் இருக்கிறார்கள். வெல்லிங்டன் தீவை நோக்கி இரண்டு பாலங்கள் போகின்றன. ஒன்று, கப்பல் வந்தால் நடுப்பகுதி மேலெழும்பி வழிவிடும்படி கட்டப்பட்ட பழைய துறைமுகப் பாலம்; அது மேலெழும்புவதை நிறுத்திக் காலம் ஆகிறது. மற்றது பிஓடி பாலம். அது சுங்கம் வாங்குவதை நிறுத்தியும் ஆண்டுகள் பல ஆகின்றன, ஆனால் கட்டிய ஒப்பந்தத்தின் பெயர் மட்டும் பாலத்தை விட்டு இறங்கவில்லை. தெற்கே போனால் பள்ளுருத்தி. வடமேற்கே சுள்ளிக்கல் வழியாகப் போனால் சில கிலோமீட்டரில் ஃபோர்ட் கொச்சி. கருவேலிப்படி வழியாகப் போனால் மட்டாஞ்சேரி. கிழக்கே பாலம் ஏறி, தீவைக் கடந்து, வைற்றிலாவில் பேருந்து மாறி, காக்கநாடு தாண்டினால் பள்ளிக்கரையில் வண்டர்லா. அதாவது உலகம் ஐரோப்பிய நகரம் என்று கொண்டாடுவது இடப்பக்கம்; கேளிக்கைப் பூங்கா என்று கொண்டாடுவது வலப்பக்கம்; நடுவில் இரண்டிலும் சேராத, மீன்வாடை அடிக்கும் உண்மை. அறிவியலில் இப்படிப்பட்ட இடத்தை ஒப்பீட்டுக் களம் என்பார்கள். பேருந்து நடத்துநர்கள் அதை “தோப்பும்படி, தோப்பும்படி” என்று இருமுறை சொல்வார்கள்.

இனி வரையறைகள். ஐரோப்பிய நகரம் என்றால் என்ன? நூல்களில் விடை தேடிக் களைத்தபின், போய்த் திரும்பிய உறவினர்களின் வாய்மொழியை ஆதாரமாகக் கொள்ள முடிவாயிற்று. சூரிச் போய்வந்த சித்தப்பா, பாரிஸ் போய்வந்த பெரியம்மா, பத்து நாளில் ஒன்பது நாட்டைப் பார்த்துவிட்டு எந்த நாட்டில் எதைப் பார்த்தோம் என்று இன்றுவரை வழக்காடிக்கொண்டிருக்கும் தம்பதியர் என எவரைக் கேட்டாலும் சாட்சியம் வியக்கத்தக்க வகையில் ஒத்துப்போகிறது. “எல்லாரும் கியூவில நிக்கிறான்டா. சொன்ன நேரத்துக்குக் கதவைத் திறக்கிறான், சொன்ன நேரத்துக்குச் சாத்துறான். தரையில ஒரு காகிதம் கெடையாது. நாம கொண்டுபோன சாப்பாட்டை உள்ளே விடமாட்டேங்கிறான். அங்க வாங்கினா யானை விலை சொல்றான். ஆனா பாரு, யாரும் யாரையும் இடிக்கிறதில்ல.” மாதா கோயில், கோட்டை, அகலமான ஓடு வேய்ந்த வீடு ஆகியவற்றை இவர்களில் ஒருவரும் முதலில் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கட்டடம் ஐரோப்பாவுக்கு இன்றியமையாத பண்பன்று. வரிசை, நேரம், தூய்மை, உணவுத் தடை, விலை ஆகிய ஐந்துமே இன்றியமையாதவை.

கேளிக்கைப் பூங்காவின் வரையறைக்கு ஐரோப்பியரையே கேட்பது முறை. அவர்கள்தாம் இத்தொழிலில் மூத்தவர்கள். கோபன்ஹேகன் அருகே 1583 முதல் ஒன்று நடக்கிறது. அதே ஊரின் டிவோலி 1843இல் திறந்தது. 1992 ஏப்ரலில் பாரிசுக்குப் பக்கத்தில் டிஸ்னியும் வந்து சேர்ந்தது. ஆனால் நம் ஆய்வுக்குப் பெருந்துணை செய்வது ஜெர்மனியில் ரூஸ்ட் என்னும் சிற்றூரில் மாக் குடும்பத்தார் 1975இல் தொடங்கிய யூரோப்பா பார்க். அங்கே இத்தாலி ஒரு வட்டாரம், பிரான்ஸ் ஒரு வட்டாரம், கிரேக்கம் ஒன்று, ஹாலந்து ஒன்று என்று நாடு நாடாக வைத்திருக்கிறார்கள். ஐரோப்பாவின் நடுவில் உட்கார்ந்துகொண்டு, ஐரோப்பாவைக் காட்ட ஐரோப்பியரிடமே கட்டணம் வாங்குகிறார்கள். இதிலிருந்து பெறப்படும் இலக்கணம் தெளிவானது: பல ஐரோப்பிய நாடுகளைக் கால்நடையாகவே ஒரே பிற்பகலில் கடக்கும்படி எங்கே அடுக்கி வைத்திருக்கிறதோ, அது கேளிக்கைப் பூங்கா. இவ்விலக்கணத்தை நாம் ஆக்கவில்லை. அவர்கள் ஆக்கியதை எடுத்து ஃபோர்ட் கொச்சியின் மேல் வைத்துப் பார்க்கிறோம். அவ்வளவே.

பொருந்துகிறது. இம்மி பிசகாமல் பொருந்துகிறது.

போர்ச்சுகல் வட்டாரம்: 1503இல் கோட்டை, அதே ஆண்டு மரத்தில் எழுப்பிப் பின்னர் கல்லால் கட்டிய பிரான்சிஸ் தேவாலயம். அதனுள் வாஸ்கோ ட காமாவின் கல்லறை. அவர் 1524 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் கொச்சியில் இறந்து அங்கே புதைக்கப்பட்டார். சில ஆண்டுகள் கழித்து எலும்புகளைப் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஆள் இல்லாத கல்லறையைச் சுற்றிக் கம்பி போட்டு, அதைப் பார்க்க நாள்தோறும் கூட்டம் வருகிறது என்றால், அது நகரத்தின் இயல்பா, பூங்காவின் இயல்பா என்பதை வாசகரே முடிவு செய்க. ஹாலந்து வட்டாரம்: 1663இல் டச்சுக்காரர் வருகை, அவர்கள் விட்டுச்சென்ற கல்லறைத் தோட்டம், பாஸ்டியன் பங்களா, அணிவகுப்புத் திடலைப் பார்த்தபடி 1740இல் வைத்த பெரிய மரக்கதவு. அக்கதவில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. வாயிலில் கம்பெனிச் சின்னம் பொறிப்பது எவ்வகை நிறுவனத்தின் வழக்கம்? இங்கிலாந்து வட்டாரம்: 1795. இவர்கள் 1806இல் கோட்டையையும் பல கட்டடங்களையும் வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஐரோப்பியரின் கோட்டையை ஐரோப்பியரே இடித்ததால், இடித்தது யார் என்ற சர்ச்சைக்கு இடமின்றி வரலாற்று ஆசிரியர்களின் வேலை எளிதாயிற்று. 1814 உடன்படிக்கையில் டச்சுக்காரர் கொச்சியை முறைப்படி கைமாற்றி, பதிலுக்கு இன்றைய இந்தோனேசியாவிலுள்ள பங்கா தீவைப் பெற்றுக்கொண்டார்கள். நகரத்தை வெல்வார்கள், இழப்பார்கள். பண்டமாற்றில் கொடுப்பது பூங்காவின் நிர்வாகம் மாறும்போதுதான் நடக்கும்.

மட்டாஞ்சேரிப் பக்கம் வந்தால் சான்று இன்னும் வலுக்கிறது. அங்குள்ள அரண்மனைக்கு டச்சு அரண்மனை என்று பெயர். கட்டியவர்கள் போர்ச்சுகீசியர், ஒரு கோயிலைச் சூறையாடியதற்குச் சமாதானமாக 1555 வாக்கில் கொச்சி அரசருக்குக் கொடுத்தது. டச்சுக்காரர் பின்னால் வந்து பழுது பார்த்தார்கள், பெயரை எடுத்துக்கொண்டார்கள். பழுது பார்த்தவர் பெயர் நிலைப்பதும் கட்டியவர் பெயர் மறைவதும் ஒப்பந்தப் பணியில் நடப்பவைதாம். உள்ளே இராமாயணச் சுவரோவியங்கள். ஆக, போர்ச்சுகீசியர் கட்டி, டச்சுக்காரர் செப்பனிட்டு, மலையாள ஓவியர் இராமனை வரைந்த வீடு. யூரோப்பா பார்க்கில் இப்படி ஒரு வட்டாரம் வைத்தால் விமர்சகர்கள் நம்பகத்தன்மை போதாது என்பார்கள். பக்கத்திலேயே 1568இல் கட்டிய பரதேசி யூதப் பள்ளி என்னும் தொழுகைக்கூடம். தரையில் சீனாவிலிருந்து வந்த கைவரை நீல ஓடுகள். 1760இல் எசேக்கியேல் ரஹாபி எழுப்பிய மணிக்கூண்டு. அதில் ஒரு முகத்தில் எபிரேய எண்கள், ஒரு முகத்தில் உரோமானிய எண்கள், அரண்மனையைப் பார்த்த முகத்தில் மலையாள எண்கள். ஒரே நேரத்தைப் பார்வையாளர் பிரிவுக்கேற்ப வெவ்வேறு எழுத்தில் காட்டும் ஏற்பாடு பூங்கா மேலாண்மையின் உச்சம்.

பிறகு கடற்கரையில் சீன வலைகள். தேக்கும் மூங்கிலும் சேர்ந்த சட்டம், நெம்புகோல், எதிர்எடைக்குக் கயிற்றில் தொங்கும் கற்கள், இழுக்க நான்கைந்து பேர். மேலே போகிறது, கீழே வருகிறது, நீரில் அமிழ்கிறது, மறுபடி எழுகிறது. இதை மீன்பிடிக் கருவி என்று அழைப்பது மரபு. ஆனால் கிடைக்கும் மீனையும், வெள்ளைக்காரப் பயணியைக் கயிறு பிடிக்க விட்டுக் கிடைக்கும் அன்பளிப்பையும் தராசில் வைத்தால், இது ராட்டினம் என்பதை ஏற்க வேண்டியிருக்கும். வைப்பினுக்கு ஓடும் ரோ-ரோ படகும் அவ்வாறே. காரோடு ஏறி, கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் ஆட்டம், கொஞ்சம் பயம், சில நிமிடத்தில் இறக்கம். வெளியேறும் வழியில் கடை இருக்க வேண்டும் என்பது பூங்காக்களின் எழுதப்படாத விதி. யூதத் தெருவில் வெளியேறும் வழி என்று ஒன்று இல்லை. அங்கு எல்லா வழியும் கடைதான். ஏலக்காய், பழம்பொருள், நேற்றுச் செய்த பழம்பொருள் யாவும் கிடைக்கும். இரவு வாணவேடிக்கை வேண்டுமா? டிசம்பர் 31 நள்ளிரவில் பாப்பாஞ்ஞி என்னும் கிழவர் பொம்மையை எரித்து ஆண்டை வழியனுப்புவார்கள்; அன்று தோப்பும்படியிலிருந்தே நடக்க வேண்டிவரும் அளவுக்குக் கூட்டம். வேடமிட்ட பாத்திரங்கள் வேண்டுமா? பர்கர் தெருவிலும் பிரின்சஸ் தெருவிலும் மழைமரங்களின் கீழ், சித்திரை வெயிலில், கழுத்துவரை கோட்டு மாட்டிய மணமகனும் தரையைப் பெருக்கும் வெள்ளைக் கவுனில் மணமகளும் கல்யாணத்துக்கு முந்தைய படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். இருவரும் கோயம்புத்தூர்க்காரர்களாக இருப்பார்கள். கல்யாணம் பட்டுப்புடவையில், பேரூரில்.

ஜப்பானியர் இந்த உண்மையை நமக்கு முன்பே கண்டுபிடித்தார்கள். நாகசாகி மாவட்டத்தில் சசேபோ என்ற ஊரில் கால்வாய், காற்றாலை, உட்ரெக்ட் நகரத்துக் கோபுரம் யாவற்றோடும் ஒரு டச்சு ஊரையே கட்டி, 1992இல் ஹுயிஸ் டென் பாஸ் என்று திறந்து, அதைக் கேளிக்கைப் பூங்கா என்றே ஒளிவுமறைவின்றிப் பெயரிட்டார்கள். 2003இல் அது திவாலானது. பிறகு கைமாறி மீண்டது. கொச்சிக்காரர்கள் இதே சரக்கை உண்மையான டச்சுக்காரர்களை வைத்தே கட்டி முடித்துவிட்டு, பூங்கா என்று பெயரிட மறந்துவிட்டார்கள். வாயிலும் இல்லை, சீட்டும் இல்லை. இவ்வளவு காலம் இலவசமாக நடத்தியும் திவாலாகாததற்குக் காரணம், கணக்கு எழுதாததுதான்.

இவ்விடத்தில் தமிழர் பங்கைச் சொல்லாமல் நகர்வது துரோகம். முதலாவது: பிரிட்டிஷ் கொச்சி எனப்பட்ட ஃபோர்ட் கொச்சி, மலபார் மாவட்டத்தின் ஒரு துண்டாக, சென்னை மாகாணத்தில் இருந்தது. மட்டாஞ்சேரியோ கொச்சி மகாராஜாவுடையது. ஆகையால் மட்டாஞ்சேரியிலிருந்து மிளகு மூட்டையோடு நடந்து ஃபோர்ட் கொச்சிக்குள் கால் வைத்த ஒருவர், ஒரு சமஸ்தானத்தை விட்டு ஐரோப்பிய நகரத்துக்குள் நுழைவதாக நினைத்துக்கொண்டு, சட்டப்படி சென்னைக்குள் நுழைந்தார். ஜார்ஜ் கோட்டையிலிருந்து ஓர் ஐரோப்பிய நகரத்தை நிர்வகித்திருக்கிறோம். இப்பெருமை நம் மேடைகளில் இதுவரை பேசப்படாதது வியப்பு.

இரண்டாவது, இதைவிட முக்கியம். எந்தப் பூங்காவுக்கும் பார்வையாளர் கண்ணில் படாத பின்கட்டு ஒன்று உண்டு. உடை வெளுப்பதும் கஞ்சி போடுவதும் அங்கேதான். ஃபோர்ட் கொச்சியின் பின்கட்டு, ‘வெளி’ என்னும் இடத்திலுள்ள தோபிகானா. அங்கு வெளுக்கும் தொழில் செய்பவர்கள், தலைமுறைகளுக்கு முன் படையினரின் உடுப்புகளை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட வண்ணார் குடும்பங்கள். இன்றும் வீட்டில் தமிழ். தற்போதைய துவைதுறைகளை 1976இல் கொச்சி வளர்ச்சி ஆணையம் கட்டிக்கொடுத்தது. ஆளுக்கொரு துறை, ஒருவர் துறையில் மற்றவர் துவைப்பதில்லை. துணி காயப்போட கிளிப்பு கிடையாது. முறுக்கிய இரட்டைக் கயிற்றின் புரிகளுக்கிடையில் துணியின் முனையைச் செருகிவிட்டால் கடற்காற்றுக்கும் அசையாது. வெள்ளைச் சட்டைகள் வரிசையாக ஆடும் அந்தத் திடலில், மேலே சொன்ன ஐரோப்பிய இலக்கணம் ஐந்தில் மூன்று தேறுகிறது: வரிசை உண்டு, தூய்மை உண்டு, சொன்ன நாளில் துணி வரும். அங்கிருந்த பெரியவர் ஒருவரிடம், “ஐயா, உங்க முன்னோர்கள் ஐரோப்பாவோட இவ்வளவு காலம் புழங்கியிருக்காங்களே, நீங்க யாராவது அங்க போனதுண்டா?” என்று ஆய்வு வினாவை முன்வைத்தபோது அவர் இஸ்திரிப் பெட்டியின் கரியைக் கிளறியபடி சொன்னார்: “நாம எங்க தம்பி போறது? அவங்கதான் அழுக்குத் துணியைத் தூக்கிக்கிட்டு நம்ம வீட்டு வாசலுக்கு வந்தாங்க.” காலனிய வரலாறு குறித்து இதைவிடச் சுருக்கமான மேற்கோள் கிடைக்காததால் மேலும் யாரையும் பேட்டி காணவில்லை.

இப்போது கிழக்கே போவோம். கொச்சௌசேப் சிட்டிலப்பிள்ளி 1977இல் வி-கார்டு என்ற பெயரில் ஸ்டெபிலைசர் தயாரிக்கத் தொடங்கினார். வீடுகளின் மின்னழுத்தத்தைச் சீராக்கிக்கொண்டிருந்தவர், 2000இல் பள்ளிக்கரையில் வீகாலாண்ட் என்ற பூங்காவைத் திறந்து மக்களின் இரத்த அழுத்தத்தை ஏற்றும் தொழிலுக்கும் வந்தார். அதுவே பின்னாளில் வண்டர்லா ஆயிற்று. பெங்களூரு, ஹைதராபாத், புவனேசுவரம் என்று கிளைவிட்டு, 2025 டிசம்பரில் சென்னைக்கு வெளியே இள்ளலூர் வரை வந்துவிட்டது. அங்கு சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்று செய்த தொங்கு ரோலர் கோஸ்டருக்குத் தஞ்சாவூரை நினைவூட்டும் வகையில் தஞ்சோரா என்று பெயர். பெரிய கோயிலுக்குப் போனால் தலை நிமிர்ந்து பார்க்க வேண்டும். இதில் தலைகீழாகப் பார்க்கலாம். மலையாளிகள் நமக்குப் பூங்கா தருவது இது முதன்முறையுமன்று. 1984இல் ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ என்ற முப்பரிமாணப் படத்தைத் தயாரித்த நவோதயா அப்பச்சன் தாம்பரத்தில் கிஷ்கிந்தா கட்டியதைச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஐரோப்பிய நகர இலக்கணத்தைப் பள்ளிக்கரையின் மேல் வைப்போம். நுழைவிலேயே பை சோதனை. தூக்குச் சட்டியில் புளியோதரை இருந்தால் அது வெளியே நிற்கும். ஐரோப்பிய ஒன்றியமும் வெளிநாட்டுப் பயணி கொண்டுவரும் இறைச்சியையும் பால் பொருட்களையும் எல்லையில் தடுக்கிறது; பிரஸ்ஸல்ஸ் நெய்யைத் தடுத்த இடத்தில் பள்ளிக்கரை புளியோதரையையும் சேர்த்துத் தடுக்கிறது, வேறுபாடு அவ்வளவே. குழந்தைச் சீட்டுக்கு வயதைக் கேட்பதில்லை, உயரத்தை அளக்கிறார்கள். கேரள அரசுப் பேருந்தில் அரைச்சீட்டுக்காக ஒரே வயதிலேயே ஆண்டுக்கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்ட பிள்ளைகள், இங்கே அளவுகோலின் அருகில் நின்றதும் ஒரே கணத்தில் வளர்ந்துவிடுகிறார்கள். தாயின் வாய்மொழியைவிடச் சுவரில் வரைந்த கோட்டுக்கு மதிப்புத் தருவதுதான் ஐரோப்பியச் சட்டவியலின் சாரம். வேட்டி, சேலை, பருத்தி உடையோடு நீர்ச்சறுக்கில் ஏற விடமாட்டார்கள். பெருமைமிக்க காரைக்குடிப் பெரியவர்கள் நைலான் அரைக்கால் சட்டையில் சமத்துவம் அடைகிறார்கள். பிரெஞ்சுப் புரட்சி சாதிக்க நினைத்ததும் ஏறக்குறைய இதையே. மூடும் நேரம் வந்தால் மூடிவிடுகிறார்கள். தரையில் காகிதம் இல்லை. தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு குப்பைத்தொட்டியைத் தேடி நடக்கும் ஒரு தமிழரை அங்கே கண்ணாரக் காணலாம். அதே நபர் மறுநாள் தோப்பும்படியில் என்ன செய்வார் என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

எல்லாவற்றுக்கும் மேலாக வரிசை. இங்குதான் நம் மரபிலக்கணம் கைகொடுக்கிறது. தொல்காப்பிய நெறிப்படி முல்லையின் உரிப்பொருள் இருத்தல். ராட்டினத்தின் அடியில் கம்பித் தடுப்புகளுக்கிடையே வளைந்து வளைந்து நிற்போர் செய்வது வேறென்ன? முக்கால் மணி நேரம் இருத்தல். அதன் பயனாக இரண்டு நிமிடம் ஏறுதல். ஏறியபின் பாலை: உயிர் உடலைவிட்டுப் பிரிகிறது, சில நேரங்களில் செருப்பும். கீழே பத்துப் பைகளையும் ஐந்து கைபேசிகளையும் மூன்று மூக்குக்கண்ணாடிகளையும் மடியில் வைத்துக்கொண்டு, மேலே அலறும் பேரப்பிள்ளைகளை அண்ணாந்து பார்க்கும் தாத்தா நெய்தலுக்குரியவர். அவர் தொழில் இரங்கல். உணவுக் கூடத்தில், ஞாயிற்றுக்கிழமை வரலாம் என்று முதலில் சொன்னது யார் என்பதைப் பற்றிக் கணவன் மனைவியரிடையே எழுவது ஊடல், மருதம். எஞ்சியது குறிஞ்சி. அதன் உரிப்பொருளை நைலான் உடையில் எதிர்பார்க்க முடியாது. அது ஃபோர்ட் கொச்சிக் கடற்கரையில், குடைக்குப் பின்னால் நிகழ்கிறது. கடலும் கடல்சார்ந்த நிலமுமான இடத்தில் குறிஞ்சி ஒழுக்கம் நடப்பதைத் திணைமயக்கம் என உரையாசிரியர்கள் அமைதி கூறுவர். காவலர்கள் வேறு கூறுவர்.

வரிசையைத் தாண்டிச் செல்ல மேற்கட்டணம் செலுத்தும் வழியும் வண்டர்லாவில் இருப்பதால் அது சமத்துவ ஐரோப்பாவாகாது என்று ஒரு தடை எழுப்பப்படலாம். சிறப்புத் தரிசனத்தை உலகுக்கு அளித்த பண்பாட்டிலிருந்து இத்தடை எழுவது பொருத்தமன்று. ஐரோப்பிய விமான நிலையங்களிலும் காசு கொடுத்தால் விரைவு வழி உண்டு என்பதைச் சித்தப்பா உறுதிப்படுத்தினார். அவர் அந்த வழியில் போகவில்லை, பார்த்தார்.

இன்னொரு தடை கொஞ்சம் கனமானது. ஃபோர்ட் கொச்சியில் ஐரோப்பியர்கள் திரிகிறார்களே, பள்ளிக்கரையில் அவர்களைக் காண்பது அரிதாயிற்றே, அப்படியானால் ஐரோப்பிய நகரம் எது என்பார்கள். இது நம் முடிபுக்குத் தடையன்று, அதன் மகுடம். தன் ஊரில் இருப்பதைப் பார்க்க எவரும் கடல் கடப்பதில்லை. நெதர்லாந்துக்காரர் ஒருவர் பத்து மணி நேரம் பறந்து, நெடும்பாச்சேரி விமான நிலையத்தில் இறங்கி, டாக்சி பிடித்து ஃபோர்ட் கொச்சிக்கு வருகிறார் என்றால், அங்கே இருப்பது நெதர்லாந்து அன்று என்பது அவருக்கு நிச்சயமாகத் தெரிந்திருக்கிறது. அவர் பூங்காவுக்கு வந்திருக்கிறார். வண்டர்லாவுக்கு அவர் போகாததன் காரணமும் அதுவே: வரிசையில் நின்று, விலை கொடுத்துத் தண்ணீர் வாங்கி, சொன்ன நேரத்துக்கு வெளியேறுவதை அவர் ஆயுள் முழுக்கச் செய்திருக்கிறார்.

இம்முடிபுகளின் அடிப்படையில் கேரளச் சுற்றுலாத் துறைக்கு ஒரு பரிந்துரை. பிஓடி பாலத்தின் மேற்கு முனையில் தற்போதுள்ள வழிகாட்டிப் பலகைகளை மாற்றி, ஃபோர்ட் கொச்சிக்குச் செல்லும் திசையில் ‘கேளிக்கைப் பூங்கா’ என்றும், எதிர்த்திசையில் ‘ஐரோப்பா’ என்றும் எழுத வேண்டும். தோப்பும்படியின் பெயரை மாற்றத் தேவையில்லை.

பயணிகள் கவனத்துக்கு: மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. யூதப் பள்ளி சனிக்கிழமையிலும் யூதப் பண்டிகை நாட்களிலும் திறப்பதில்லை, வெள்ளியன்று பிற்பகலிலும் திறப்பது அரிது. எனவே பூங்காவுக்குப் போவோர் திங்கள் முதல் வியாழனுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவுக்குப் போவோர் ஞாயிற்றுக்கிழமையைத் தவிருங்கள். நைலான் உடை எடுத்துக்கொள்ளுங்கள். புளியோதரையைப் பேருந்திலேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.